ஸ்கேனுக்காக ஒரு நித்திரை



லம்பா லைனில் வளரும் பிள்ளைகள் சத்தத்துக்கு எளிதில் பயப்படுகிறவர்கள் அல்லர். போர்ட் பிளேர் விமான நிலையம் அவர்கள் வீட்டு வாசலில் இருக்கிறதென்றே சொல்லலாம். சென்னையிலிருந்து வரும் விமானம் ஓடுதளத்தில் இறங்கும்போது விருந்தாளிதான் திடுக்கிடுவார். தொட்டிலில் கிடக்கும் சிசு புரண்டுகூடப் படுக்காது. (அந்த நகரத்துக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பழகிய வாய்க்கு இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அந்தத் தெருக்களில் ஒன்றில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பம் ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை வயது மகனுக்குக் காய்ச்சல் இல்லாமலே வலிப்பு வருகிறது. அட்லாண்டா பாயின்ட்டில் இருக்கும் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனையில் காட்டுகிறார்கள். மருந்து ஆரம்பிக்கப்படுகிறது. மேற்கொண்டு விவரமாய்ப் பார்க்கவேண்டும் என்று சென்னைக்கு அனுப்புகிறார்கள். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். ஆகையால் கடன் வாங்கி விமானச் சீட்டு எடுக்கிறார்கள். தகப்பனுக்கு விடுமுறை ஆறு நாள்தான். சென்னையில் தெரிந்த விசுவாசி ஒருவர் வீட்டில் தங்கி, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு நாள் வாங்குகிறார்கள். "பிள்ளையைத் தூங்க வைத்துத்தான் எடுக்கவேண்டும், வெறும் வயிற்றோடு கொண்டுவாருங்கள்" என்று சொல்லப்படுகிறது.

அந்தக் காலைவேளையில் பிள்ளை ஐந்து மணிக்கே விழித்து அழுகிறான். பாட்டியின் மனம் பொறுக்கவில்லை. அரை டம்ளர் பால் கொடுத்துவிடுகிறார். எட்டு மணிக்கு மருத்துவமனையில் கேள்வி வருகிறது: "கடைசியாக என்ன சாப்பிட்டான்? எத்தனை மணிக்கு?"

உண்மையைச் சொன்னால் ஸ்கேன் பிற்பகலுக்குத் தள்ளிப்போகலாம். அடுத்த வாரத்துக்கும் போகலாம். திரும்பும் சீட்டோ நாளை மறுநாளைக்கு. தாய் மாமியாரைப் பார்க்கிறாள். மாமியார் தரையைப் பார்க்கிறார். தகப்பன் வாயைத் திறக்கிறான்.

அவன் என்ன சொல்லப்போகிறான் என்பதற்காகவே இம்மாதம் இந்தப் பகுதியை எழுதுகிறேன். "அரை டம்ளர் பால்தானே" என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு, ஜெபிக்கிறவர்களிலும் உண்டு. அவர்களை நான் குற்றப்படுத்தவில்லை. அந்தப் பால் ஏன் முக்கியம் என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொன்னதில்லை.

முதலாவது, தூக்கம் எதற்கு என்று பார்ப்போம். எக்ஸ்ரே ஒரு நொடி. சி.டி. ஸ்கேன் இன்றைய இயந்திரங்களில் சில வினாடிகள். ஆகவே பல பிள்ளைகளுக்கு மயக்கமே தேவைப்படுவதில்லை. எம்.ஆர்.ஐ. அப்படியல்ல. பலத்த காந்தத்தின் நடுவே பிள்ளையைப் படுக்கவைத்து, உடலிலிருந்து வரும் மெல்லிய சைகைகளைப் பல நிமிடங்கள் சேகரித்துத்தான் அது படம் வரைகிறது. மூளையைப் பார்க்க 20 முதல் 45 நிமிடம்வரை ஆகலாம். முதுகுத்தண்டையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இடையில் தலையைத் திருப்பினால் அந்த வரிசைப் படங்கள் கலங்கிப்போகும். சத்தமோ 100 டெசிபலையும் தாண்டும். சுத்தியலால் தகரத்தில் அடிப்பதுபோல விட்டுவிட்டு அடிக்கும். விமானச் சத்தத்தில் அயர்ந்து தூங்கும் லம்பா லைன் குழந்தையும் இதில் விழித்துக்கொள்ளும். அம்மா பக்கத்தில் படுக்க முடியாது. குழாய் போன்ற அந்தக் குகைக்குள் இரண்டு வயதுப் பிள்ளையை "அசையாதே" என்று கட்டளையிட்டு அடக்க எவராலும் கூடாது.

ஆகையால் தூக்க மருந்து. இங்கேதான் நம்மில் பலர் தவறாய்ப் புரிந்துகொள்கிறோம். ஸ்கேன்தான் பெரிய காரியம், தூக்கம் அதற்கு முன்னான ஒரு சிறு ஏற்பாடு என்று எண்ணுகிறோம். உள்ளபடியே எம்.ஆர்.ஐ. வலிப்பதில்லை, ரத்தம் வருவதில்லை, கதிர்வீச்சும் இல்லை. அந்த நாளில் பிள்ளையின் உடலுக்கு ஆபத்து ஏதாவது உண்டென்றால், அது பெரும்பாலும் அந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது.

மயக்க மருந்தின் சரித்திரமே இதைச் சொல்லுகிறது. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்னும் மருத்துவர் 1847 நவம்பரில் குளோரோஃபார்மைத் தம்மிலேயே சோதித்துப் பார்த்து, பிரசவ வேதனைப்பட்ட பெண்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். மூன்று மாதம் முடியவில்லை. 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே 15 வயதுச் சிறுமி ஒருத்தி குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் இறந்துபோனாள். அவளுக்குச் செய்யவிருந்தது கால்விரல் நகத்தை எடுக்கும் சிறு சிகிச்சை மாத்திரமே. அன்றுமுதல் மருத்துவர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: சிகிச்சை சிறியதாயிருப்பதால் மயக்கம் சிறியதாகிவிடாது.

சிம்சனைப்பற்றி இன்னொரு வார்த்தை. வேதனையை மருந்தினால் தணிப்பது தேவசித்தத்துக்கு விரோதம் என்ற ஆட்சேபத்துக்கு அவர் அந்த 1847 டிசம்பரிலேயே ஒரு சிறு நூல் எழுதிப் பதில் சொன்னார். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் தேவன் அவனுக்கு அயர்ந்த நித்திரையை வருவித்தார் என்பது அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று. நம் சபைகளிலும் பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுக்கச் சம்மதிப்பது அவிசுவாசமோ என்று கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

இனி அந்தப் பாலுக்கு வருவோம். விழித்திருக்கும் மனிதனின் தொண்டையில் ஒரு காவல் இருக்கிறது. சாப்பாடோ தண்ணீரோ தவறி மூச்சுக்குழல் பக்கம் போனால் உடனே இருமி வெளியே தள்ளிவிடும். மருந்தினால் வரும் தூக்கம் ஆழமாக ஆக, அந்தக் காவல் மந்தமாகும். அப்போது வயிற்றிலிருப்பது மேலே எழும்பினால் அது தடையில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கலாம். இரைப்பையின் அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும் விதத்தை 1946ல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தார். பிரசவ நேரத்தில் மயக்கமருந்து பெற்ற தாய்மார்களை ஆராய்ந்தே அவர் அதைக் கண்டார். "வெறும் வயிறு" என்ற கண்டிப்பு இத்தனை உறுதியானதற்கு அந்த ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம்.

பால் தண்ணீரைப்போல் திரவமாய்த் தோன்றினாலும் வயிற்றுக்குள் போனவுடன் திரைந்து கட்டியாகிவிடும். ஆகையால் மருத்துவர்கள் அதை ஆகாரமாகவே கணக்கிடுகிறார்கள். பரவலாய்க் கைக்கொள்ளப்படும் கணக்கு இது: தெளிந்த தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்வரை, தாய்ப்பால் 4 மணி நேரம், பசும்பால், டப்பா பால், இட்லி, பிஸ்கட் போன்ற இலேசான ஆகாரம் 6 மணி நேரம், எண்ணெயும் கொழுப்பும் உள்ள ஆகாரத்துக்கு 8 மணி நேரம். தண்ணீருக்கு ஒரு மணி நேரம் போதும் என்று ஐரோப்பிய மயக்கவியல் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மருத்துவமனை எந்தக் கணக்கைச் சொல்லுகிறதோ அதையே கைக்கொள்ளுங்கள்; கடிகாரத்தில் நேரத்தைக் குறித்து, தாளில் எழுதி வாங்குங்கள். கஞ்சி தண்ணீரில் சேராது. பழச்சாற்றில் சக்கை இருந்தால் அதுவும் சேராது. இளநீர் கொடுக்கலாமா என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

உபவாசம் நமக்குப் புதிதல்ல. அதனால் வேறொரு தவறும் நம் வீடுகளில் நடக்கிறது. "எதற்கும் இருக்கட்டும்" என்று முந்தின இரவு ஏழு மணிக்கே பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறார்கள். பதினைந்து மணி நேரம் தண்ணீரும் இல்லாமல் கிடந்த குழந்தைக்கு நாக்கு வறளும், நரம்பு கிடைக்காமல் ஊசிக்காக நாலு இடத்தில் குத்துவார்கள், இரத்தத்தில் சர்க்கரையும் குறையலாம். பெரியவர்கள் ஜெபத்துக்காக இருக்கும் உபவாசம் வேறு; இது வயிறு காலியாவதற்கான நேரக் கணக்கு. தண்ணீருக்கு அனுமதித்த நேரம்வரை தண்ணீர் கொடுங்கள். பிள்ளைக்காக உபவாசித்து ஜெபிக்க விரும்பும் தாய்மாரே, அதை முந்தின நாளில் வைத்துக்கொள்ளுங்கள்; ஸ்கேன் நாளில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமக்கவேண்டியவள் வராந்தாவில் மயங்கி விழுந்தால் யாரை யார் பார்ப்பது?

வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே சற்றே நிற்கவேண்டும். வெறும் வயிறு என்றதும் அன்று காலை மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மருந்தைச் சாதாரணமாய் நிறுத்தச் சொல்வதில்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீரோடு கொடுக்கவேண்டும் என்று முந்தின நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தின் இரண்டாவது ஆபத்து மூச்சு. பிள்ளை என்றால் சிறிய உருவிலுள்ள பெரியவர் என்று எண்ணக்கூடாது. தலை பெரிது, கழுத்து சிறிது, வாயளவுக்கு நாக்கு பெரிது, மூச்சுக்குழலோ குறுகலானது. எடைக்கு எடை பார்த்தால் பெரியவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பிராணவாயுவை அந்தச் சிறிய உடல் செலவழிக்கிறது, சேமிப்போ குறைவு. ஆகையால் மூச்சு தடைப்பட்டால் பெரியவரைவிட மிகச் சீக்கிரத்தில் நீலம் பாய்ந்துவிடும். மருந்தின் அளவு சரியாயிருந்தாலும் ஒரு பிள்ளை இலேசாய்க் கண்ணயரும், அடுத்த பிள்ளை அதே அளவில் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய்விடும், மூன்றாவது பிள்ளை தூங்குவதற்குப் பதிலாக வெறிகொண்டதுபோல் கத்தும். முன்கூட்டியே இன்ன பிள்ளை இப்படி என்று யாராலும் உறுதியாய்ச் சொல்லக்கூடாது. அதனால்தான் மருந்தைவிட, மருந்து கொடுத்தபின் பக்கத்தில் கண் இமையாமல் காத்திருக்கும் ஆள் முக்கியம்.

கொரோனா நாட்களில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதன் தத்துவத்தை 1970களில் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த தகுவோ அயோயாகி என்னும் பொறியாளர். உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். தூங்கும் பிள்ளையின் விரலிலோ கால்பெருவிரலிலோ அதை மாட்டியிருப்பார்கள். ஆனால் எண்ணைக் காட்டுவதுதான் கருவியின் வேலை. எண் குறைந்தால் தாடையைத் தூக்கி, முகமூடி வைத்து, மூச்சைக் கொடுக்கவேண்டியது ஒரு மனிதன்.

இந்தக் காவல் வேலை எம்.ஆர்.ஐ. அறையில் இன்னும் கடினம். பிள்ளை குழாய்க்குள் இருக்கிறான். முகத்தின் நிறமும் மார்பின் அசைவும் சரியாய்த் தெரியாது. அறுவைச்சிகிச்சை அறையில் கைக்கெட்டும் தூரத்திலுள்ள சாதாரண இரும்புக் கருவிகளை அங்கே கொண்டுபோகக் கூடாது. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் ஓய்வதில்லை. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் மருத்துவ மையத்தில் 2001 ஜூலையில் தூக்கமருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்த ஆறு வயதுச் சிறுவனுக்குப் பிராணவாயு தேவைப்பட்டது. அவசரத்தில் உள்ளே கொண்டுவரப்பட்ட இரும்பு சிலிண்டரைக் காந்தம் இழுத்துக்கொண்டது. அது தலையில் மோதி அவன் இறந்தான். நம் நாட்டில் மும்பை நாயர் மருத்துவமனையில் 2018 ஜனவரியில் நோயாளியின் உறவினரான ஒரு வாலிபன், கையில் சிலிண்டரோடு இயந்திரத்திடம் இழுக்கப்பட்டு மாண்டான். ஆகவே வாசலில் நின்று "எல்லாவற்றையும் கழற்றுங்கள்" என்று அதட்டுகிற அந்த டெக்னீஷியன்மேல் கோபப்படாதிருங்கள். பிள்ளையின் கொலுசு, அரைஞாண், உலோகப் பொத்தான் உள்ள சட்டை, உங்கள் கொண்டை ஊசி, சாவி, போன் எல்லாம் வெளியே. சகோதரிகளே, சேலையில் குத்திய ஊக்கைத்தான் பலரும் மறந்துபோகிறார்கள்.

தூக்க மருந்துகளைப்பற்றிச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். வாயில் கொடுக்கும் சிரப் உண்டு, மூக்கில் விடும் மருந்து உண்டு, ஊசி உண்டு, முகமூடி வழியாய்ச் சுவாசிக்கும் வாயு உண்டு. ஊசியில் இன்று அதிகம் புழங்கும் புரோபோஃபால் பால்போல் வெள்ளையாயிருக்கும்; பிள்ளை சில வினாடிகளில் தூங்கி, நிறுத்தினவுடன் சில நிமிடங்களில் விழிக்கும். அதைக் கண்டுபிடித்த ஜான் கிளென் ஒரு கால்நடை மருத்துவர் என்பதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. அவருக்கு 2018ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். மூச்சை எளிதில் அடக்கிவிடக்கூடிய மருந்தாதலால் அது மயக்கவியல் பயிற்சி பெற்றவர் கையில்தான் இருக்கவேண்டும்.

சிரப்பைக்குறித்து நான் அதிகமாய்ப் பயப்படுகிறேன். காரணம், அது சாதுவாய்த் தோன்றுகிறது. நம் நாட்டில் பிள்ளைகளுக்கு வெகுவாய்க் கொடுக்கப்படும் டிரைக்ளோஃபாஸ், குளோரல் ஹைட்ரேட் என்னும் பழைய மருந்தின் உறவு. அந்தப் பழைய மருந்து 1869 முதல் தூக்கத்துக்காகப் பயன்பட்டு வருகிறது. இரண்டும் உடலுக்குள் போய் ஒரே பொருளாக மாறுகின்றன. அது வேலைசெய்ய அரை மணி முக்கால் மணி ஆகும். ஆரம்பித்தபின் வெகுநேரம் உடலைவிட்டுப் போகாது, பச்சைக் குழந்தைகளில் இன்னும் அதிக நேரம் தங்கும். இப்போது காட்சியை எண்ணிப் பாருங்கள். "வரும்போதே வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள், வந்தவுடன் எடுத்துவிடலாம்" என்று யாரோ சொல்லுகிறார்கள். ஆட்டோவில் தாயின் தோளில் பிள்ளை தூங்குகிறான். தலை முன்னால் மடிந்து தாடை மார்பைத் தொடுகிறது. மூச்சு வழி மூடுகிறது. போக்குவரத்து நெரிசலில் யாருக்கும் தெரியவில்லை. அல்லது ஸ்கேன் மையத்தில் கூட்டம். காத்திருக்கையில் பிள்ளை பாதி விழிக்கிறான். "இன்னும் கொஞ்சம் கொடுங்கள்" என்கிறார்கள். முதல் மருந்தும் இரண்டாவது மருந்தும் சேர்ந்து வேலைசெய்கின்றன.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் மயக்கமருந்துக்கான விதிகளை 1985ல் முதன்முதலாய் வெளியிட்டதும் பல் மருத்துவ அறையில் பிள்ளைகள் மரித்ததின் நிமித்தமே. கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில், வீட்டிலோ வழியிலோ, தூக்கமருந்து கொடுக்கக்கூடாது என்பது அந்த விதிகளில் உறுதியாய் நிற்கிறது. யார் சொன்னாலும் வீட்டில் கொடுக்காதிருங்கள்.

அப்படியானால் எந்த இடம் நல்ல இடம் என்று எப்படி அறிவது? நாம் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் கேட்க நமக்கு உரிமை உண்டு. "பிள்ளை தூங்கும்போது பக்கத்திலிருந்து பார்ப்பவர் யார்? அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை உண்டா?" என்று பணிவாய்க் கேளுங்கள். படம் எடுப்பவரே பிள்ளையையும் பார்த்துக்கொள்வார் என்றால் அது போதாது. பிள்ளைக்கேற்ற அளவில் முகமூடியும் பிராணவாயுவும் சளி உறிஞ்சும் கருவியும் இருக்கின்றனவா? விழிக்கும்வரை படுக்கவைக்க இடம் உண்டா? இப்படிக் கேட்டதற்காகக் கோபிக்கும் இடமானால், கட்டணம் குறைவென்றாலும் எழும்பி வந்துவிடுங்கள் என்பதே என் எண்ணம். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் கூட்டமும் காத்திருப்பும் உண்டு. ஆனால் பிள்ளைகளையே பார்த்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன.

அவர்கள் உங்களிடம் கேட்பார்கள். சளி, இருமல், காய்ச்சல் இருக்கிறதா? இரவில் குறட்டை விடுகிறானா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? இழுப்பு வந்ததுண்டா? குறைமாதத்தில் பிறந்தானா? முன்பு மயக்கமருந்து கொடுத்தபோது என்ன நடந்தது? ஒவ்வொன்றும் மூச்சோடு சம்பந்தப்பட்ட கேள்வி. சளிபிடித்த பிள்ளையின் மூச்சுக்குழல் எரிச்சலோடு இருக்கும். மயக்கத்தில் குரல்வளை சட்டென இறுகி மூடிக்கொள்ளலாம். சளி வெளியே தெரியாமல் போனபின்னும் இரண்டு வாரமாவது அந்த எரிச்சல் நிற்கும். குறைமாதத்தில் பிறந்து இன்னும் சில மாதமே ஆன சிசுவுக்கு மயக்கத்துக்குப் பின் மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டாதலால் ஓர் இரவு வைத்துப் பார்ப்பார்கள்.

தீவிலிருந்து வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். சென்னையிலிருக்கும் பிள்ளைக்குச் சளி என்றால் ஸ்கேன் அடுத்த மாதம்; அவ்வளவுதான். லம்பா லைனிலிருந்து வந்த பிள்ளைக்கு விமானத்தின் குளிரில் சளி பிடித்தால் இன்னொரு முறை சீட்டு, இன்னொரு முறை விடுமுறை, இன்னொரு முறை கடன். பொய் சொல்லத் தூண்டுவது கல்நெஞ்சம் அல்ல, அந்தக் கணக்குத்தான். ஆகையால் கணக்கைப் புறப்படுமுன்னே வேறுவிதமாய்ப் போடுங்கள். போர்ட் பிளேரிலிருக்கும் மருத்துவரிடமே கேளுங்கள்: இந்த ஸ்கேன் இப்போதே வேண்டுமா, பிள்ளை சற்று வளர்ந்தபின் எடுக்கலாமா? உச்சிக்குழி மூடாத சிசுவானால் அதன் வழியாய்த் தலைக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம். அதற்கு மயக்கம் வேண்டாம். சி.டி. போதுமா? அதில் கதிர்வீச்சு உண்டு, சில நோய்களை அது காட்டாது; ஆனாலும் சில வேளைகளில் போதும். சென்னைக்குத்தான் போகவேண்டுமென்றால், வந்திறங்கிய மறுநாளுக்கே ஸ்கேன் நாளைக் கேட்காதிருங்கள். திரும்பும் சீட்டை மாற்றக்கூடியதாய் எடுங்கள், அல்லது கடைசியில் எடுங்கள். கப்பலில் வந்து வாந்தியெடுத்துச் சோர்ந்த பிள்ளைக்கு ஓரிரு நாள் இளைப்பாறுதல் தேவை. சளி பிடித்தால் மயக்க மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். இலேசான மூக்கொழுகலென்றால் அவர்களே பார்த்து, கொடுக்கலாம் என்று சொல்வதும் உண்டு. மறைத்துவிட்டால் அவர் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள வழியில்லாமல் போய்விடும்.

"மயக்கமருந்து மூளையைக் கெடுக்குமா?" என்பது தாய்மார் அதிகமாய்க் கேட்கும் கேள்வி. பயம் காரணமில்லாததல்ல. அமெரிக்க மருந்து நிர்வாகமே 2016 டிசம்பரில் ஓர் எச்சரிப்பு வெளியிட்டது: மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ, திரும்பத்திரும்பவோ இந்த மருந்துகளைக் கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று. ஆனால் ஒருமுறை, குறுகிய நேரம் கொடுப்பதைக்குறித்து ஆறுதலான செய்தி உண்டு. ஏழு நாடுகளில் 28 மருத்துவமனைகளில் குடலிறக்க அறுவைச்சிகிச்சைக்கு வந்த 722 சிசுக்களை இரண்டாய்ப் பிரித்து, ஒரு பகுதிக்கு முழு மயக்கமும் மறுபகுதிக்கு விழித்திருக்கையில் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்தார்கள். மயக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குட்பட்டது. இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் அந்தப் பிள்ளைகளின் அறிவுவளர்ச்சியைச் சோதித்தபோது வித்தியாசம் காணப்படவில்லை. ஐந்து வயது முடிவு 2019ல் வெளிவந்தது. ஆகவே அவசியமான ஸ்கேனை இந்தப் பயத்தினால் தவிர்க்கவேண்டாம். அவசியமில்லாத ஸ்கேனை "எதற்கும் ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று நாமே கேட்டு வாங்கவும் வேண்டாம்.

மயக்கமில்லாமல் எடுக்கும் வழிகளும் இருக்கின்றன. சில மாதமே ஆன சிசுவுக்கு வயிறாரப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை அடைத்து, தானாய்த் தூங்குகையில் எடுத்துவிடுகிறார்கள். தூக்கமருந்தே கொடுக்காததால் அங்கே வயிறு நிறைந்திருப்பது குற்றமில்லை. ஐந்தாறு வயதான பிள்ளைகளோ, நாம் ஆயத்தப்படுத்தினால் விழித்தபடியே படுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் டக் டீட்ஸ் என்பவர் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களை வடிவமைத்தவர். தாம் செய்த இயந்திரத்தைக் கண்டு ஒரு சிறுமி பயந்து அழுததைப் பார்த்தபின், பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையின் ஸ்கேன் அறைகளைக் கடற்கொள்ளைக்காரர் கப்பல்போலவும் மற்ற சாகசக் காட்சிகள்போலவும் மாற்றிக் காட்டினார். மயக்கம் தேவைப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாய்க் குறைந்தது.

நம்மிடம் அந்தக் கப்பல் இல்லை. ஆனாலும் வீட்டில் ஒரு கட்டிலும் போர்வையும் உண்டு. கட்டிலின் அடியில் பிள்ளையைப் படுக்கவைத்து, போனில் அந்த இயந்திரச் சத்தத்தைத் தேடிப் போட்டு, "சிலைபோல எத்தனை நேரம் இருப்பாய், பார்ப்போம்" என்று விளையாடுங்கள். முதல்நாள் ஒரு நிமிடம். ஒரு வாரத்தில் பத்து. லம்பா லைன் பிள்ளைக்குச் சொல்ல உங்களிடம் நல்ல கதையே இருக்கிறது: தினமும் பார்க்கும் அந்த விமானத்தின் வயிற்றுக்குள் படுத்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கப்போகிறாய் என்று. ஆனால் "ஊசியே போடமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய் ஊசி போடவிடாதீர்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்தமுறை மருத்துவமனை வாசலிலேயே அழ ஆரம்பிப்பான்.

எட்டு மணிக்கு வாயைத் திறந்த அந்தத் தகப்பன் உள்ளதைச் சொல்லுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். "ஐந்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டார்கள்." பால் என்றால் 6 மணி நேரம்; அப்படியானால் பதினொரு மணிக்குமுன் முடியாது. பல இடங்களில் வரிசையை மாற்றி, காலையில் வேறு பிள்ளையை எடுத்துக்கொண்டு இவனைப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். முடியாதென்றால் மறுநாள். அந்த வராந்தாவில் பாட்டியை யாரும் கடிந்துகொள்ளாதிருங்கள். தண்ணீர் எத்தனை மணிவரை கொடுக்கலாம் என்று கேட்டு, அந்த நேரம்வரை அவரே பேரனுக்குக் கொடுக்கட்டும்.

ஸ்கேன் முடிந்தபின் பிள்ளை அழுதுகொண்டே விழிப்பான். சிலர் பெற்றோரையே அடிப்பார்கள். சிறிது நேரத்தில் அது தணியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பார்த்து, உங்களை அறிந்து, வயதுக்கேற்றபடி உட்காரும்வரை அங்கிருந்து கிளம்பாதீர்கள். முதலில் தண்ணீர் சிறிது சிறிதாய். வாந்தி இல்லாவிட்டால் பிறகு ஆகாரம். திரும்பும் வழியில் ஆட்டோவிலோ காரிலோ ஒருவர் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து, தலை முன்னால் மடியாமல் தாங்கிக்கொள்ளட்டும். அன்று மாலையே விமானம் ஏறும்படி சீட்டு எடுக்காதிருங்கள். இரவில் உங்கள் பக்கத்தில் படுக்கவைத்து, எழுப்பினால் விழிக்கிறானா என்று ஓரிருமுறை பாருங்கள். விழிக்காவிட்டாலோ, மூச்சில் குறட்டையோ இழுப்போ கேட்டாலோ, விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவர்களுடைய தொலைபேசி எண்ணைக் காலையிலேயே எழுதி வாங்கி, வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருங்கள்.